காகிதம் காட்டாத வீடு: வீட்டுக் கடனில் நேரடி ஆய்வின் தேவை

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மூன்று செய்திகளையே கேட்டறிகின்றனர். வட்டி விகிதம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, பணம் எந்த நாளில் கைக்கு வரும் என்பவையே அவை. நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அடமானமாக வரும் வீட்டின் மதிப்பு எவ்வாறு கணக்கிடப்பட்டது, அதைக் கணக்கிட்டவர் வீட்டை நேரில் பார்த்தாரா என்பதே அது. இதனை வங்கியின் உள்விவகாரம் என்று கருதி விட்டுவிடுவோரே மிகுதி. ஆயினும் அம்மதிப்பு பிழையாக அமைந்தால் முதலில் நட்டமடைபவர் கடன் வாங்கியவரே. இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டத்திலுள்ள சாந்தன்பாறை போன்ற மலைப்பகுதிகளில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். எனவே அவ்வூரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது, முழுமையான ஆய்வு எங்கே தேவை, வாடிக்கையாளர் செய்ய வேண்டியவை யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மதிப்பீடு என்றால் என்ன?

வீட்டுக் கடனில் வங்கி இரண்டு தொழில்வல்லுநர்களின் கருத்தைப் பெறுகிறது. வழக்கறிஞர் சொத்தின் உரிமையைச் சரிபார்க்கிறார். மதிப்பீட்டாளர் அச்சொத்து இன்றைய சந்தையில் என்ன விலை பெறும் என்று கணக்கிடுகிறார். மதிப்பீட்டாளர் தகுதி பெற்றவராகவும், அச்சொத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்பு இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2007 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துகளுக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் தேவை என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது.

வீட்டின் மதிப்பே கடன் தொகையின் உச்ச வரம்பை முடிவு செய்கிறது. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 விழுக்காடு, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு, அதற்கும் மேற்பட்ட கடனுக்கு 75 விழுக்காடு என்பது ரிசர்வ் வங்கி வகுத்துள்ள வரம்பு. எஞ்சிய தொகை வாங்குபவரின் சொந்தப் பணம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இக்கணக்கில் சேர்வதில்லை. வீட்டின் விலை 10 லட்சம் ரூபாயைத் தாண்டாதபோது மட்டும் அவற்றைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு.

ஆய்வின் நான்கு நிலைகள்

மதிப்பீட்டாளர் எந்த அளவுக்கு நேரில் பார்த்தார் என்பதைக் கொண்டு மதிப்பீட்டை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, முழு ஆய்வு. மதிப்பீட்டாளர் மனையின் எல்லைகளை நடந்து பார்க்கிறார். வீட்டுக்குள் சென்று ஒவ்வொரு அறையையும் அளக்கிறார். ஆவணத்திலுள்ள அளவுகளோடு ஒப்பிடுகிறார். அக்கம்பக்கத்தில் நடந்த விற்பனைகளை விசாரிக்கிறார்.

இரண்டாவது, புறப்பார்வை ஆய்வு. சாலையில் நின்று வீட்டின் முகப்பையும் சுற்றுப்புறத்தையும் மட்டும் பார்த்துப் படமெடுத்துத் திரும்புவது இவ்வகை.

மூன்றாவது, பிறர் திரட்டிய விவரங்களைக் கொண்டு செய்வது. வேறொருவர் வீட்டுக்குச் சென்று அளவும் படமும் எடுத்து அனுப்புகிறார். மதிப்பீட்டாளர் தம் அலுவலகத்தில் இருந்தபடியே கணக்கிடுகிறார்.

நான்காவது, மேசை மதிப்பீடு. பத்திர நகல், வரைபடம், அரசின் நில விலைப் பட்டியல், செயற்கைக்கோள் படம் ஆகியவற்றை மட்டும் கொண்டு அறிக்கை தயாரிக்கப்படுகிறது. இதன் அடுத்த கட்டமாக, கணினி நிரலே மதிப்பைக் கூறும் முறையும் வெளிநாடுகளில் வழக்கத்தில் உள்ளது.

பின்னுள்ள மூன்றையும் வரம்புக்குட்பட்ட ஆய்வு எனலாம். கொரோனா தொற்றுக் காலத்தில் இவை உலகெங்கும் பரவின. அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் ஆகிய இரு நிறுவனங்களும் 2020 மார்ச் மாதத்தில் புறப்பார்வை மதிப்பீட்டையும் மேசை மதிப்பீட்டையும் தற்காலிகமாக ஏற்றன. பின்னர் 2022 மார்ச் முதல், குறிப்பிட்ட சில வகைக் கடன்களுக்கு மேசை மதிப்பீட்டை நிலையான வழிமுறையாகவே ஆக்கின.

குறைந்த ஆய்வு எங்கே பொருந்தும்?

வரம்புக்குட்பட்ட ஆய்வு என்றாலே குறையுடையது என்று கருதுவது முறையன்று. அதற்குரிய இடத்தில் அது நாளையும் செலவையும் மிச்சப்படுத்துகிறது. ஆயினும் அது மூன்று தூண்களின் மேல் நிற்கிறது. ஒரே மாதிரியான வீடுகள் பல இருத்தல் வேண்டும். அவை அடிக்கடி விற்பனையாகி, உண்மையான விலை பதிவாகியிருத்தல் வேண்டும். அளவு, வயது, அனுமதி பற்றிய அரசு ஆவணங்கள் நம்பத்தக்கனவாக இருத்தல் வேண்டும்.

பெருநகரில் இருநூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பை எண்ணிப் பாருங்கள். ஆறாம் மாடி வீட்டுக்கும் ஏழாம் மாடி வீட்டுக்கும் அளவில் வேறுபாடு இல்லை. சென்ற ஆண்டில் அதே கட்டடத்தில் பத்து வீடுகள் கைமாறியிருக்கக்கூடும். அத்தகைய இடத்தில் மேசையிலிருந்தே உண்மைக்கு நெருக்கமான மதிப்பைக் கூறிவிடலாம். அதுபோலவே, முன்பே முழுமையாக ஆய்வு செய்யப்பட்ட வீட்டின் மேல் சிறு கூடுதல் கடன் கேட்கும்போதும், வீட்டின் மதிப்பில் கால்பங்கு அளவே கடன் கோரும்போதும் குறைந்த ஆய்வு போதுமானதாக அமையலாம். மதிப்பில் சிறு பிழை நேர்ந்தாலும் அதைத் தாங்கும் இடைவெளி அங்கே உள்ளது.

முதன்முறையாக வீடு வாங்குபவர், மதிப்பில் 80 அல்லது 90 விழுக்காடு கடன் பெறுபவர், இவர்களுக்கு அந்த இடைவெளி இல்லை. மனைக்கு மனை தன்மை மாறும் மலைக் கிராமத்திலோ மேற்கூறிய மூன்று தூண்களும் இல்லை.

பத்திரத்தில் உள்ள விலை

நம் நாட்டில் மேசை மதிப்பீட்டுக்கு உள்ள பெருந்தடை, பத்திரத்தில் எழுதப்படும் விலையே. கேரளத்தில் 2010 ஏப்ரல் 1 முதல் நிலத்துக்கு அரசு நிர்ணயித்த நியாய விலை நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் இதற்கு வழிகாட்டி மதிப்பு என்று பெயர். இவ்விலை முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்கான அடிப்படை. சந்தையில் கைமாறும் தொகை அதனினும் கூடுதலாகவோ, சில இடங்களில் குறைவாகவோ இருக்கும். பலர் அரசு விலையையே பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்கின்றனர். ஆகையால் பதிவு அலுவலகக் குறிப்புகளை மட்டும் பார்த்துச் சந்தை மதிப்பைக் கண்டறிய இயலாது. ஊருக்குச் சென்று நான்கு பேரிடம் விசாரித்தே அறிய வேண்டியுள்ளது.

சாந்தன்பாறை நிலமும் அதன் உரிமையும்

சாந்தன்பாறை ஏலமலைகளின் நடுவே அமைந்த ஊர். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக எளிதில் சென்றடையலாம். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. தோட்ட வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு சொந்தமாக ஐந்து சென்ட் மனையும் ஒரு வீடும் வாங்குவது இங்குள்ள பல குடும்பங்களின் நெடுநாள் எண்ணம்.

இம்மலைகளில் நிலத்தின் விலையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பெரும்பாலும் அதன் உரிமையின் தன்மையே. ஏலமலைப் பகுதி பற்றித் திருவிதாங்கூர் அரசு 1897இல் வெளியிட்ட அறிவிக்கை எவ்வளவு பரப்பைக் குறிக்கிறது என்பது இன்றளவும் வழக்காடப்படும் பொருளாகும். ஏலமலையில் நிலம் வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டிலும் மரங்கள் வனத்துறையின் கட்டுப்பாட்டிலும் இருந்து வருகின்றன. ஏலச் சாகுபடிக்கென்றே குத்தகைக்கு விடப்பட்ட நிலங்கள் ஒருபுறம் உள்ளன. 1964ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு விதிகளின்படி பட்டயம் பெற்ற நிலங்கள் மறுபுறம் உள்ளன. 1977 ஜனவரி 1க்கு முன் வனநிலத்தில் குடியேறியோருக்காக 1993இல் வகுக்கப்பட்ட சிறப்பு விதிகளின்படி பட்டயம் பெற்றவையும் உண்டு. பட்டயமே இல்லாமல் கைவசத்தில் மட்டும் உள்ளவையும் உண்டு. இவை ஒரே சாலையின் இருபுறமும் அடுத்தடுத்து அமையக்கூடும். செயற்கைக்கோள் படத்தில் எல்லாம் ஒரே பச்சையாகவே தெரியும்.

எந்த நோக்கத்துக்காக நிலம் வழங்கப்பட்டது என்பதும் இன்றியமையாதது. வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் என்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் தங்கும் விடுதி கட்டினால் அது ஒதுக்கீட்டு நிபந்தனைக்கு மாறானதாகும். இத்தகைய மீறல்களை முறைப்படுத்துவதற்கு வழிசெய்யும் திருத்தச் சட்டத்தைக் கேரளச் சட்டமன்றம் 2023 செப்டம்பரில் நிறைவேற்றியது. 2024 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. மேலும், சாந்தன்பாறை உள்ளிட்ட மூணாறு சுற்றுவட்டார வருவாய்க் கிராமங்கள் சிலவற்றில், பஞ்சாயத்தின் கட்டட அனுமதியோடு வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்றும் தேவை என்ற கட்டுப்பாடு உள்ளது. வீட்டின் ஒரு பகுதி அச்சான்று இன்றிக் கட்டப்பட்டிருந்தால், அப்பகுதியை வங்கியின் மதிப்பீட்டில் சேர்க்க இயலாது.

விற்பவர் சிலர், "இப்போது பட்டயம் இல்லை, விரைவில் வந்துவிடும்" என்று உறுதி கூறி அதற்கும் சேர்த்து விலை கேட்பதுண்டு. ஏலமலைப் பகுதியில் புதிதாகப் பட்டயம் வழங்குவதை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 24 அன்று இடைக்கால ஆணையால் தடுத்தது என்பதை நினைவில் கொள்க. வரவிருக்கும் பட்டயத்துக்கு மதிப்பீட்டில் இடமில்லை. வாங்குபவரின் கணக்கிலும் அதற்கு இடம் தரலாகாது.

இங்கே நேரடி ஆய்வு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். உரிமையை ஆவணத்தில் பார்த்தால் போதாதா? போதாது. பத்திரத்திலுள்ள சர்வே எண்ணும் தண்டப்பேர் எண்ணும் சரியாகவே இருக்கலாம். ஆனால் வீடு அந்த எண்ணுக்குரிய நிலத்தின் மேல்தான் நிற்கிறதா என்பதை, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லிலிருந்து நடந்து பார்த்தால் மட்டுமே அறியலாம். மனை பட்டயத்தில் அடங்க, வீட்டின் பின்பாதி அடுத்த சர்வே எண்ணில் நீண்டு நின்றால், ஆவணங்கள் அத்தனையும் சரியாக இருந்தும் ஈடு குறையுடையதாகிவிடும்.

சரிவு, பாதை, நீர்

சமவெளியில் பத்து சென்ட் என்றால் பத்து சென்ட்தான். மலையில் பத்து சென்ட் நிலத்தில் ஆறு சென்ட் பயன்படும், நான்கு சென்ட் பள்ளத்தில் இறங்கும். வீட்டுக்காக மேட்டை வெட்டிய இடத்தில் தடுப்புச் சுவர் உள்ளதா, அதில் நீர் வெளியேறத் துளைகள் உள்ளனவா, சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்துள்ளதா என்பவை சாலையில் நின்று பார்ப்பவருக்குப் புலப்படா. வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதையும் அங்கே சென்றே காண வேண்டும்.

பாதையும் அவ்வாறே. சாலையிலிருந்து வீடு வரை ஜீப் செல்கிறது என்பதனால் வழி உரிமை உண்டு என்று பொருளாகாது. அடுத்தவரின் தோட்டத்து வழியாக நல்லெண்ணத்தின் பேரில் நடந்து வந்திருக்கலாம். தோட்டம் கைமாறினால் வழி அடைபடலாம். குடிநீர் சொந்தக் கிணற்றிலிருந்து வருகிறதா, மேலே உள்ள ஓடையிலிருந்து குழாய் வழியாக வருகிறதா, கோடையில் எத்தனை மாதம் வருகிறது என்பதெல்லாம் விலையைப் பாதிப்பவை. இவற்றில் எதுவும் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை.

ஒரு கணக்கு

இவ்வேறுபாடு ரூபாயில் எவ்வளவாகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். இதிலுள்ள விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்த ஊரின் சந்தை விலையும் அல்ல.

12 சென்ட் மனையும் 1,000 சதுர அடி வீடும் 38 லட்சம் ரூபாய்க்கு விலை பேசப்படுகின்றன. சென்ட் ஒன்றுக்கு 1.5 லட்சம் ரூபாய் என்றும், வீடு கட்டச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றும் கொள்வோம். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு, ஆயுள் முடிவில் எஞ்சும் மதிப்பு 10 விழுக்காடு என்பது மதிப்பீட்டாளர் பலர் பின்பற்றும் கணக்கு. அதன்படி 5 ஆண்டுக் கட்டடத்துக்குத் தேய்மானம் 7.5 விழுக்காடு, 20 ஆண்டுக் கட்டடத்துக்கு 30 விழுக்காடு.

மேசையில் செய்த மதிப்பீடு: நிலம் 12 சென்டுக்கு 18 லட்சம். முகப்புப் படத்தில் புதிதாகத் தோன்றும் வீட்டின் வயது 5 ஆண்டு என்று கொண்டு, 22 லட்சத்தில் தேய்மானம் போக 20.35 லட்சம். ஆக மொத்தம் 38.35 லட்சம். பேசிய விலையோடு இது பொருந்துகிறது. எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

நேரில் சென்று செய்த மதிப்பீடு: 12 சென்டில் 3 சென்ட் தடுப்புச் சுவருக்குக் கீழே செங்குத்தாக இறங்குகிறது. அதற்குச் சென்டுக்கு 50 ஆயிரம் ரூபாயே தரலாம். ஆக நிலம் 15 லட்சம். வீட்டின் முன்பகுதி 200 சதுர அடி மட்டுமே 5 ஆண்டுக்கு முன் சேர்த்தது. அதன் மதிப்பு 4.07 லட்சம். பின்பகுதி 800 சதுர அடி 20 ஆண்டுப் பழையது. அதன் மதிப்பு 12.32 லட்சம். தடுப்புச் சுவரைத் திருத்தி எழுப்ப 1.5 லட்சம் செலவாகும். கூட்டிக் கழித்தால் 29.89 லட்சம்.

ஒரே வீடு, வேறுபாடு ஏறத்தாழ எட்டரை லட்சம் ரூபாய். இதில் ஒருவரும் பொய் கூறவில்லை. பார்க்காதது கணக்கில் வரவில்லை, அவ்வளவே.

இனிக் கடன் வாங்கியவரின் நிலையைப் பார்ப்போம். மேசை மதிப்பீட்டை நம்பி 30 லட்சம் கடன் தரப்பட்டதாகக் கொள்வோம். வாங்குபவர் கையிலிருந்து 8 லட்சம் போடுகிறார். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 38 லட்சத்துக்கு மேலும் 3.8 லட்சம் செலவிடுகிறார். ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். ஐந்து ஆண்டுகள் தவறாமல் கட்டியபின், செலுத்திய தவணைகளின் கூட்டுத்தொகை 15.6 லட்சத்தைத் தாண்டும். ஆயினும் நிலுவை சுமார் 26.44 லட்சம் இருக்கும். தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே செல்வதே இதற்குக் காரணம்.

அப்போது மகளின் படிப்புக்காகவோ மருத்துவத்துக்காகவோ வீட்டை விற்க நேர்ந்து, வாங்குபவர் நேரில் பார்த்து 30 லட்சமே தர இசைந்தால், கடனை அடைத்தபின் மிஞ்சுவது 3.56 லட்சம். சொந்தமாகப் போட்ட 11.8 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. வங்கியின் கடனோ முழுமையாக அடைந்துவிட்டது. மிகை மதிப்பின் சுமை முதலில் வாடிக்கையாளர் தோளில் இறங்குகிறது என்று தொடக்கத்தில் கூறியதன் பொருள் இதுவே.

மாறாக, நேரடி ஆய்வுக்குப்பின் மதிப்பு 29.89 லட்சம் என்று தெரியவந்தால், கடன் வரம்பு சுமார் 26.9 லட்சமாகக் குறையும். "வங்கி என் கடனைக் குறைத்துவிட்டது" என்று மனம் வருந்துவது இயல்பு. ஆனால் அந்த அறிக்கை விற்பவரிடம் விலையைக் குறைத்துப் பேசுவதற்குக் கிடைத்த கருவியாகும். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதுமுன் இது கையில் இருந்தால் அதன் பயன் இன்னும் பெரிது.

மலை சரியும்போது

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தது. பலர் உயிரிழந்தனர், வீடும் நிலமும் அடித்துச் செல்லப்பட்டன. அடமானமாக வைத்த நிலமே இல்லாமற்போன நிலையில், கேரளா வங்கி தன் சூரல்மலைக் கிளையில் கடன் பெற்றவர்களில் இறந்தவர்கள், வீடும் ஈட்டுச் சொத்தும் இழந்தவர்கள் ஆகியோரின் கடனை ஆகஸ்டு மாதத்தில் தள்ளுபடி செய்ய முடிவெடுத்தது. அது அப்பேரிடரின் கொடுமையைக் கருதி எடுக்கப்பட்ட சிறப்பு முடிவு. பொதுவான சட்டநிலை வேறு: ஈட்டுச் சொத்து அழிந்தாலும் கடன் பொறுப்பு நீங்குவதில்லை.

இடுக்கியிலும் இத்தகைய இடர் புதிதன்று. 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேர் மாண்டனர். ஆகவே வீட்டின் மேற்புறச் சரிவையும் நீரோடையையும் பார்ப்பது விலைக்காக மட்டும் அன்று. மதிப்பீட்டாளர் சரிவு பற்றி அறிக்கையில் குறிப்பு எழுதியிருந்தால் அதனைக் கடன் கிடைப்பதற்கான தடையாகக் கருதாமல், அவ்வீட்டில் குடும்பத்தோடு உறங்கப்போகும் நமக்கு எழுதப்பட்ட எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

காப்பீட்டுக்கும் இவ்வறிக்கை பயன்படும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீடு வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றால் வீட்டுக்கு ஏற்படும் சேதத்தையும் உள்ளடக்குகிறது. காப்பீட்டுத் தொகை கட்டடத்தை மீண்டும் கட்டும் செலவைப் பொறுத்தது. நிலத்தின் விலை அதில் சேராது. அறிக்கையிலுள்ள கட்டுமானப் பரப்பும் செலவும் சரியாக இருந்தால், காப்பீட்டுத் தொகையும் சரியாக அமையும்.

மதிப்பீட்டாளர் வரும் நாளில்

முதலாவதாக, நீங்களோ உங்கள் குடும்பத்தில் விவரம் அறிந்த ஒருவரோ உடன் இருங்கள். விற்பவரை மட்டும் விட்டு எல்லையைக் காட்டச் சொல்ல வேண்டாம்.

இரண்டாவதாக, வீட்டுக்குள் வருவதைத் தடுக்க வேண்டாம். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் அயலார் ஏன் வர வேண்டும் என்று பெரியவர்கள் தயங்குவதுண்டு. கூரையின் நீர்க்கசிவும், சுவரின் விரிசலும், கழிவுநீர் செல்லும் வழியும் உள்ளே சென்றால்தான் தெரியும். முன்கூட்டியே நேரம் குறித்து, பெண்கள் உடனிருக்கும் வேளையில் வரச் சொல்லலாம்.

மூன்றாவதாக, ஆவணங்களை ஒரு கோப்பில் ஆயத்தமாக வையுங்கள். ஆதாரம் எனப்படும் கிரயப்பத்திரம், பட்டயம், நடப்பு ஆண்டின் கரம் கட்டிய ரசீது, கைவசச் சான்று, வில்லங்கச் சான்று, இட வரைபடம், பஞ்சாயத்தின் கட்டட அனுமதி, வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவை வேண்டும். எல்லை நாட்டைக் கடந்து தேனி மாவட்டத்தில் வீடு வாங்குவோருக்குப் பட்டாவும் வரைபடமும் வேறு வடிவில் இருக்கும். இரு மாநில நடைமுறைகளையும் ஒன்றெனக் கொள்ள வேண்டாம்.

நான்காவதாக, மலையாளத்தில் உள்ள ஆவணங்களை, அம்மொழி நன்கு படிக்கத் தெரிந்த, விற்பனையில் ஆதாயம் இல்லாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்து பொருள் கேட்டறியுங்கள். பேச்சு மலையாளம் அறிந்த பலருக்குப் பட்டயத்தின் நிபந்தனைப் பகுதி விளங்குவதில்லை. விலையை முடிவு செய்யும் சொற்கள் பெரும்பாலும் அங்கேயே உள்ளன.

ஐந்தாவதாக, மதிப்பைக் கூட்டி எழுதும்படி எவரிடமும் கேட்காதீர்கள். கேட்க முன்வருபவரை ஊக்குவிக்கவும் வேண்டாம். அதனால் கிடைக்கும் கூடுதல் தொகை, வட்டியோடு நாமே திருப்பிச் செலுத்த வேண்டிய பணமாகும்.

அறிக்கையில் கேட்க வேண்டிய கேள்விகள்

மதிப்பீட்டுக் கட்டணத்தை வழக்கமாக வாடிக்கையாளரே ஏற்கிறார். எனவே அறிக்கையைக் காட்டும்படியோ அதன் நகலைத் தரும்படியோ கிளையில் கேளுங்கள். தரும் நடைமுறை வங்கிக்கு வங்கி வேறுபடலாம், கேட்பதில் தவறில்லை. பின்வரும் கேள்விகளுக்கு அதில் விடை உள்ளதா என்று பாருங்கள்.

1. வீட்டை நேரில் பார்த்தவர் யார், எந்த நாளில்? உள்ளே சென்றாரா, வெளியிலிருந்து மட்டும் பார்த்தாரா?
2. நான்கு எல்லைகளும் பத்திரத்தில் உள்ளபடியே களத்திலும் உள்ளனவா?
3. கட்டடத்தின் வயது எதைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது? பழைய பகுதியும் புதிய பகுதியும் தனித்தனியே கணக்கிடப்பட்டனவா?
4. அனுமதி பெற்ற பரப்பும் கட்டியுள்ள பரப்பும் ஒன்றா?
5. நிலத்துக்குக் கூறிய விலைக்கு ஆதாரமாக அருகில் நடந்த விற்பனைகள் காட்டப்பட்டுள்ளனவா? அவை அதே வகை உரிமை உள்ள நிலங்களா?
6. சந்தை மதிப்பு, கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசர விற்பனை மதிப்பு ஆகிய மூன்றும் தனித்தனியே தரப்பட்டுள்ளனவா? அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் காரணம் என்ன?

இவற்றில் முதல் கேள்விக்கு, "நேரில் பார்க்கவில்லை" என்பது விடையானால், மலைப்பகுதியில் முதன்முறையாக வீடு வாங்கும் வாடிக்கையாளர் தயங்காமல் முழு ஆய்வைக் கோர வேண்டும். பெருமழைக் காலத்தில் சாலை அடைபட்டு ஆய்வு இரண்டு வாரம் தள்ளிப் போகலாம். பயணச் செலவாகச் சிறு தொகை கூடலாம். இருபது ஆண்டுக் கடனில் இரண்டு வாரம் மிகச் சிறிது.

கணினியும் செயற்கைக்கோளும் இன்னும் முன்னேறும். கேரளத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய மின்னணு மறு நில அளவை முழுமையடைந்து, எல்லைகளும் உரிமைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும் நாளில், மதிப்பீட்டாளரின் வேலையில் ஒரு பகுதி மேசையிலேயே முடிந்துவிடும். அப்போதும் சுவரின் விரிசலும், கோடையில் வற்றும் குழாயும், அடுத்தவர் தோட்டத்து வழியாக வரும் பாதையும் வரைபடத்தில் வாரா. ஆதலால் வீடு வாங்க விழையும் வாடிக்கையாளர்கள், விலை பேசுமுன் தாம் ஒருமுறையும், கடன் பெறுமுன் மதிப்பீட்டாளரோடு ஒருமுறையும் எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல் வரை நடந்து பார்ப்பதை வழக்கமாகக் கொள்வார்களாக.